ஆடாத பல்லு

உங்க வீட்டுல ஒருத்தர் நிஜமாவே பல்லு தேய்க்கிறாரா, இல்ல தேய்க்கிற மாதிரி நடிக்கிறாரான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

வாயை மோந்து பாப்பேன்னு சொல்வீங்க. அதுக்குத்தான் புதினா மிட்டாய் விக்கிறான். பேஸ்ட் குறையுதான்னு பாப்பேன்னு சொல்வீங்க. பேஸ்ட்டைப் பிதுக்கி தண்ணியில கரைச்சு விட எவ்வளவு நேரம் ஆகும்? நான் கண்டுபிடிச்ச வழி வேற. பிரஷ்ஷை விரலால தடவிப் பாத்தேன். ரெண்டு மாசம் ஒழுங்கா தேய்ச்ச பிரஷ்ஷுன்னா கொஞ்சமாவது தலை கலைஞ்சிருக்கணும். என் மச்சினனோட பிரஷ்ஷு கடையில வாங்கின அன்னைக்கு எப்படி நின்னுச்சோ அப்படியே நின்னுச்சு. புதுசா வேலைக்குச் சேந்த வாட்ச்மேன் மாதிரி, விறைப்பா.

அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துல அந்த பிரஷ்ஷை உடைச்சிருப்பேன். உடைக்கல. அதை வாங்கித் தந்ததே நான்தான்.

அவன் என் பொண்டாட்டியோட தம்பி. முப்பதைத் தாண்டியாச்சு, ஆனா அவ வாயில இன்னும் 'பாவம் சின்னப்பய'. நான் வேலை பாக்குற சோபா ரிப்பேர் பட்டறைக்கு அவனைக் கூட்டிட்டு வந்ததும் நான்தான். பட்டறைக்குப் பின்பக்கம் ஒரு மாடி ரூம்ல ரெண்டு பேரும் இருக்கோம். ரெண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டிடத்தோட சுவர். குழாய் தொட்டி வெளிய நடையில, ஒரு சின்னக் கதவுக்குப் பின்னாடி. பாஷை தெரியாத இந்த ஊர்ல எனக்கு சொந்தம்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். உரிமையோட கத்தணும்னாலும் அவன்கிட்டதான் கத்தணும்.

எங்க வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா உங்களுக்குப் புரியாது. இப்பல்லாம் எல்லாத்துக்கும் ஸ்டேப்ளர் துப்பாக்கி வந்துடுச்சு. ஆனா பழைய நாற்காலிக்கு, நல்ல மரச் சோபாவுக்கு, குட்டி ஆணிதான். ஒரு கை துணியை இழுத்துப் பிடிச்சிருக்கும். இன்னொரு கையில காந்தச் சுத்தியல். அப்போ ஆணியை எடுத்துத் தர மூணாவது கை எங்க இருக்கு? வாய்தான் மூணாவது கை. ஒரு பிடி ஆணியை வாயில போட்டுக்குவோம். நாக்கால ஒண்ணைத் திருப்பி, தலை வெளிய பாக்குற மாதிரி முன்பல்லு நடுவுல நிறுத்தணும். சுத்தியலை உதட்டுகிட்ட கொண்டு போனா ஆணி அதுல ஒட்டிக்கும். அப்படியே ஒரு அடி. பாக்கறவங்களுக்கு சர்க்கஸ் மாதிரி இருக்கும். என் மச்சினன் இதுல பயங்கர வேகம். அந்த வேகம்தான் அவன் முன்பல்லைத் தின்னுச்சுன்னு முதல்ல நான் நினைச்சேன்.

ஒரு நாள் டீ நேரத்துல அவன் கடிச்ச பன்னுல சிவப்பா இருந்துச்சு. ஜாம்னு நினைச்சேன். ஜாமே வாங்கலை. வாயைத் திறடான்னு பாத்தா, ஈறெல்லாம் ஊதிப்போய் பல்லை விட்டு விலகி நிக்குது. மேல் வரிசையில நடுப்பல்லு ஒண்ணு, நாக்கு பட்டாலே ஆடுது. அன்னைக்கே இழுத்துக்கிட்டு ஒரு பல் டாக்டரம்மாகிட்ட போனேன். எங்க பாஷை தெரிஞ்சவங்க, அதனால அங்கதான் போவோம்.

அவங்க அழுக்கையெல்லாம் சுரண்டி எடுத்துட்டுத் தெளிவாத்தான் சொன்னாங்க. "ஆணி ஒரு காரணம், அதை இன்னையோட விடுங்க. ஆனா முக்கியமான காரணம் நீங்க ஈறோரத்துல தேய்க்கறதே இல்ல. பல்லும் ஈறும் சேர்ற இடத்துல அழுக்கு உக்காந்து, அடியில எலும்பைக் கரைச்சிருக்கு. இந்தப் பல்லைக் காப்பாத்தலாம். காலையில ஒரு தடவை, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, மெதுவான பிரஷ்ஷால, ஈறோரமா, அவசரமில்லாம தேய்க்கணும். பல்லிடுக்குக்கு இந்த குட்டி பிரஷ்ஷு. முதல்ல ரத்தம் வரும். வந்தா பயப்படாதீங்க, அங்க அழுக்கு இருக்குன்னு அர்த்தம். தொடர்ந்து சுத்தம் பண்ணினா தானா நின்னுடும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. ஈறு இறுகியிருந்தா பல்லு நிக்கும். இல்லன்னா பிடுங்கணும்."

இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? ஒரு பல்லு, ரெண்டு மாசம், ஒரு பிரஷ்ஷு. மலையைப் புரட்டச் சொன்னாங்களா?

ரெண்டு மாசம் முடியப் போற அந்தக் காலையில, இதெல்லாம் தலைக்குள்ள ஓட, பிரஷ்ஷைக் கையில பிடிச்சுக்கிட்டு நடையில நின்னேன்.

"இங்க வாடா."

"ஷூ போட்டுட்டேன் மாமா."

"ஷூவோட வா."

வந்தான். என் கையில இருக்கறதைப் பாத்ததும் முகம் மாறிடுச்சு. ஆனா வாய் மாறலை.

"இது யாரோடது?"

"என்னோடது."

"இதாலதான் இத்தனை நாளா தேய்ச்சியா?"

"பின்ன, உங்க சுத்தியலாலயா?"

"தொட்டுப் பாரு. ஒரு முடி வளைஞ்சிருக்கா?"

"நான் மெதுவா தேய்ப்பேன் மாமா. அழுத்தாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"அழுத்தாதேன்னாங்க. தொடாதேன்னா சொன்னாங்க?"

அப்பதான் எனக்குப் புரிஞ்சுச்சு. தினமும் குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள நின்னிருக்கான். பிரஷ்ஷை நனைச்சு வச்சிருக்கான். வாயைக் கொப்புளிக்கற சத்தம் கூட போட்டிருக்கான், எனக்குக் கேக்கணும்னு. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நான் கட்டில்ல நிம்மதியா படுத்திருந்திருக்கேன். அதை நினைச்சா இன்னும் எரியுது.

"சரி, இப்போ தேய். என் கண்ணு முன்னாடி."

"வேலைக்கு நேரமாச்சு."

"வேலை கிடக்கட்டும்."

பேஸ்ட் வச்சான். கடைவாய்ப் பல்லை ஊருக்கே கேக்கற மாதிரி வறட்டு வறட்டுன்னு தேய்ச்சான். இந்தப் பக்கம் தேய்ச்சான், அந்தப் பக்கம் தேய்ச்சான். நடுவுல மட்டும் பிரஷ்ஷு போகவே இல்ல. பள்ளத்தைப் பாத்த பஸ் டிரைவர் மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போறான்.

"முன்பல்லு."

"தேய்ச்சாச்சு."

நான் அவன் மணிக்கட்டைப் பிடிச்சு நடுவுக்குக் கொண்டு போனேன். பிரஷ்ஷு ஈறுல பட்டுச்சு. ரத்தம் வந்துச்சு. நுரையோட சேந்து தொட்டியில ரோஸா விழுந்துச்சு. அவன் என் கையைச் சடக்குனு உதறி, பிரஷ்ஷை தூக்கி எறிஞ்சான். அது நடையில உருண்டு போய் செருப்புங்க நடுவுல விழுந்துச்சு.

"இது என் வாய்! இதுக்குக் கூடவா நீ மேஸ்திரி வேலை பாப்பே?"

என்னை முதல் தடவையா 'நீ'ன்னான்.

"உன் வாய்தான். அதுல இருக்கற பல்லைப் பாத்துக்கத் துப்பில்லையே உனக்கு!"

"நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? துணி ஓரம் பிரிஞ்சா தேய்க்காதே, இழுக்காதே, விட்டுடு, தொடத் தொட இன்னும் பிரியும்னு. எத்தனை தடவை திட்டியிருக்கீங்க?"

"அது துணிடா! துணி செத்தது. ஈறு உயிரோட இருக்குடா முட்டாள்!"

அவன் வாயைத் துடைச்சுக்கிட்டு படியிறங்கிப் போய்ட்டான். செருப்பு நடுவுல கிடந்த பிரஷ்ஷை நான்தான் குனிஞ்சு எடுத்தேன். சாயங்காலம் அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்கி வச்சேன், அது வேற.

பட்டறைக்குப் போனா அங்க அதுக்கு மேல. தையல் மெஷினைத் திறந்து வச்சு, பாபின் பெட்டியில அடைஞ்ச பஞ்சை எதையோ வச்சு நோண்டி எடுத்துக்கிட்டிருந்தான். கிட்டப் போய்ப் பாத்தேன். பல்லிடுக்கு சுத்தம் பண்ண டாக்டரம்மா கொடுத்த குட்டி பிரஷ்ஷு.

"இது நல்லா தூசி எடுக்குது மாமா"ன்னான், காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி.

நான் திரும்பி என் மேசைக்குப் போய்ட்டேன். பதில் சொல்லியிருந்தா சுத்தியலாலதான் சொல்லியிருப்பேன்.

எங்க பட்டறையில ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஃபோம் வெட்டும்போது பறக்கற தூள் தொண்டையில ஒட்டும், பசை நாத்தம் வாயில நிக்கும். அதுக்காக எல்லாரும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கன்னத்துல ஒரு மிட்டாயை அடக்கி வச்சிருப்போம். மிட்டாய் கரைஞ்சா டீ. டீயில சர்க்கரை கரண்டி நிக்கற அளவுக்கு. டீ முடிஞ்சா மறுபடி மிட்டாய். பல்லுக்கு ஒரு நிமிஷம் லீவு கிடையாது. வெறும் தண்ணியில வாய் கொப்புளிச்சாலே தூள் போய்டும். நான் மிட்டாயை நிறுத்தினேன். அவனை நிறுத்தச் சொன்னா, 'எல்லாரும் தானே சாப்பிடறாங்க'ன்னான்.

டீ நேரத்துல எங்க பட்டறை மேஸ்திரி கேட்டார், "என்னப்பா, காலையில மேல ஒரே கச்சேரி?"

"பல்லு விஷயம் மேஸ்திரி"ன்னான் மச்சினன். "மாமா என்னை ஸ்கூலுக்கு அனுப்பற மாதிரி பல்லு தேய்க்க வைக்கிறாரு."

"பல்லா?" மேஸ்திரி சிரிச்சார். "இதுக்குப் போய் அடிச்சுக்கறீங்களே!" வாயில கையை விட்டு, மேல் செட்டு கீழ் செட்டு ரெண்டையும் கழட்டி, துணி வெட்டற மேசை மேல வச்சார். கத்திரிக்கோலுக்குப் பக்கத்துல அது ஈரமா இளிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. கன்னம் ரெண்டும் உள்ள போய், வார்த்தையெல்லாம் காத்தா வருது. "எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டு நிம்மதியா இருக்கேன். வலி இல்ல, கூச்சம் இல்ல. படுக்கும்போது டம்ளர்ல போட்டா அதுபாட்டுக்குத் தூங்குது. பிடுங்கிட்டு செட்டு போட்டுக்கடா தம்பி. உங்க மாமனுக்கும் நிம்மதி."

எல்லாரும் சிரிச்சாங்க. மச்சினனும் சிரிச்சான். உள்ளங்கையால வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சான். ரெண்டு மாசமா அவன் அப்படித்தான் சிரிக்கிறான். வாயைப் பொத்தாம அவன் சிரிச்சு எத்தனை நாளாச்சு!

"மேஸ்திரி, அதை எடுத்து உள்ள வைங்க"ன்னேன்.

"ஏன்டா, என் பல்லு உன்னை என்ன பண்ணுச்சு?"

"நீங்க கடைசியா ஒரு ஆப்பிளை முழுசா கடிச்சுத் தின்னது எப்போன்னு அவன்கிட்ட சொல்லிட்டு அப்புறம் சிரிங்க."

சிரிப்பு நின்னுடுச்சு. மேஸ்திரி என்னையே பாத்தார். அப்புறம் செட்டை எடுத்து, சட்டையில துடைச்சு, ரெண்டு தடவை தப்பாப் பொருத்தி, மூணாவது தடவை சரியா மாட்டிக்கிட்டார்.

"டீ குடிச்சாச்சுன்னா போய் வேலையைப் பாருங்க"ன்னார். நாள் பூரா அப்புறம் என்கிட்ட பேசலை. நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்தான். ஆனா கேட்டது தப்புன்னு எனக்கு இன்னும் தோணலை.

அன்னைக்கு மத்தியானம் ஒரு நாற்காலி டெலிவரி. குஷன் மாத்தறதுதான் எங்க வேலை, ஆனா முன்கால் ஒண்ணு லொடலொடன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு. கஸ்டமர் வர்ற நேரம். மேஸ்திரி மச்சினன்கிட்ட அந்த சின்ன ட்யூப் பசையைத் தூக்கிப் போட்டார், நொடியில ஒட்டுமே, அந்தப் பசை. "இடுக்குல ரெண்டு சொட்டு விட்டு அழுத்திப் பிடி. எடுத்துட்டுப் போகும்போது ஆடக் கூடாது, அவ்ளோதான்." அவன் பிடிச்சான். கஸ்டமரம்மா வந்து நாற்காலியை ஆட்டிப் பாத்தாங்க. ஆடலை. சந்தோஷமா எடுத்துட்டுப் போனாங்க. எனக்குப் பிடிக்காத வேலை அது. காலைப் பிடிச்சிருக்கற முளை உள்ள உளுத்துப் போயிருந்தா மேல பசை எத்தனை நாள் நிக்கும்? ஆனா அன்னைக்கு ஏற்கனவே ரெண்டு பேர்கிட்ட சண்டை போட்டாச்சு. மூணாவதுக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் பொண்டாட்டி போன் பண்ணினா. அதுக்குள்ள அவன் அக்காகிட்ட புகார் வாசிச்சாச்சு.

"என்னங்க, கையைப் பிடிச்சு முறுக்கினீங்களாமே?"

"முறுக்கலை. பல்லு தேய்க்க வச்சேன்."

"அவன்கிட்ட கத்தாதீங்க. அவன் பயந்த சுபாவம். சின்ன வயசுல முதல் பல்லு ஆடினப்போ ரெண்டு நாள் வாயையே திறக்கலை தெரியுமா? சோறு கூட வேண்டான்னுட்டான்."

"அப்போ வயசு ஆறு. இப்போ?"

"வயசு ஆனா பயம் போயிடுமா? நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க, நீங்கதான் பக்குவமா பாத்துக்கணும்."

பக்குவமாம். பக்குவமா சொன்னா குழாயைத் திறந்து விட்டு நாடகம் போடுவான். கத்தினா அக்காகிட்ட அழுவான். பல்லு அவனுது, பதில் சொல்றது நான்.

ஆனா அதுக்கப்புறம் அவன் மாறிட்ட மாதிரி இருந்துச்சு. நான் சொல்லாமலே போறான், கதவைச் சாத்திக்கிறான், ரொம்ப நேரம் கழிச்சு வர்றான். ஒரு வாரம் போனதும் அவனுக்குத் தெரியாம புது பிரஷ்ஷைத் தொட்டுப் பாத்தேன். தலை கலைஞ்சு நல்லா சாஞ்சிருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. அன்னைக்கு டீக்கு அவனுக்குப் பிடிச்ச பன்னு வாங்கிக் கொடுத்தேன். வெக்கங்கெட்டவன், வாங்கித் தின்னான்.

டாக்டரம்மாவைப் பாக்க வேண்டிய நாள் வந்துச்சு. காலையில கட்டில்ல உக்காந்து செருப்பு மாட்டிக்கிட்டிருந்தேன். அவன் எதிர்ல வந்து நின்னான்.

"மாமா, தொட்டுப் பாருங்க."

"எதை?"

"பல்லை."

உதட்டைத் தூக்கிக் காட்டினான். நான் ஒரு விரலை வச்சு மெல்லத் தள்ளினேன். அசையலை. கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். சுவர்ல அடிச்ச ஆணி மாதிரி நின்னுச்சு.

"ஆடலையேடா!"

"சொன்னேன்ல?"

உதடு லேசா வீங்கின மாதிரி இருந்துச்சு. "இது என்னடா?"ன்னேன். "நல்லா தேய்ச்சேன்ல, அதான்"னான். நம்பினேன். நம்பறதுக்கு எனக்கு அவ்வளவு ஆசை. அங்கேயே போனை எடுத்து அவன் அக்காவைக் கூப்பிட்டேன். "உன் தம்பி பல்லு நின்னுடுச்சுடி. கல்லு மாதிரி." அவ அந்தப் பக்கம் அழறா. நான் இந்தப் பக்கம் சிரிக்கிறேன். இவன் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு ஜன்னல் வழியா பக்கத்துக் கட்டிடத்துச் சுவரைப் பாத்துக்கிட்டிருக்கான்.

டாக்டரம்மா நாற்காலியைச் சாய்ச்சு, விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொன்னாங்க. நான் கால்மாட்டுல நின்னேன். கண்ணாடிக் கம்பியால அந்தப் பல்லைத் தட்டினாங்க. பக்கத்துப் பல்லைத் தட்டினாங்க. மறுபடி முதல் பல்லைத் தட்டினாங்க. புருவம் சுருங்குச்சு. கூர்க்கம்பியை எடுத்துப் பல்லிடுக்குல கீறினாங்க. பளபளன்னு என்னமோ சிலும்பு மாதிரி பேந்து வந்துச்சு. அதை விளக்குல பிடிச்சுப் பாத்தாங்க.

"யாரு ஒட்டினது?"

எனக்குப் புரியலை.

"உங்களைத்தான் கேக்கறேன். இந்த மூணு பல்லையும் சேத்து யாரு ஒட்டினது?"

"ஆ... ஆ..."ன்னான் மச்சினன். வாயில அவங்க கை இருக்கு.

டாக்டரம்மா கையை எடுத்தாங்க. "இப்போ சொல்லுங்க."

அவன் என்னைப் பாக்கலை, அவங்களையும் பாக்கலை. விளக்கைப் பாத்துச் சொன்னான். "நான்தான். ஆடாம இருக்கட்டும்னு."

"எதை வச்சு?"

"பட்டறைப் பசை."

நாற்காலி கால்ல ரெண்டு சொட்டு விட்டானே, அந்தப் பசை. டெலிவரி நாள்ல ஆடக் கூடாது, அவ்ளோதான்.

டாக்டரம்மா சத்தம் போடற ஆள் இல்ல. அன்னைக்குப் போட்டாங்க. "படிச்சுப் படிச்சு சொன்னேனே! ஆடறதா உங்க நோய்? அடியில ஈறும் எலும்பும் கரையறதுதான் நோய். மேல ஒட்டினா அடியில யாரு பிடிச்சுக்குவா? ஈறு பொத்துப் போயிருக்கு. பசைக்குப் பின்னாடி அழுக்கு, அதுக்குப் பின்னாடி சீழ். பிரஷ்ஷு போக இடமே இல்லாம மூடி வச்சிருக்கீங்க. முதல் தடவை பாத்தப்போ இந்தப் பல்லு நிக்கும்னு நம்பித்தான் அனுப்பினேன்." என் பக்கம் திரும்பினாங்க. "நீங்க கூடவே தானே இருக்கீங்க? பாக்கலையா?"

விரலை வச்சு ஆட்டிப் பாத்துட்டு ஊருக்கு போன் போட்டு சொன்னவன் நான்.

பசையைச் சுரண்டி எடுக்கவே ரொம்ப நேரம் ஆச்சு. எடுத்து முடிச்சதும் பல்லு முன்னைவிட மோசமா ஆடுச்சு. எனக்கு நின்ன இடத்துலயே தெரிஞ்சுச்சு. "இனி இது நிக்காது. இன்னைக்கு ஈறு ரொம்பக் கெட்டிருக்கு. மருந்து தரேன், நாளைக்குக் காலையில வாங்க, எடுத்துடலாம். பக்கத்துப் பல்லு ரெண்டுமாவது வேணும்னா இன்னையிலிருந்து நான் சொன்னபடி செய்யுங்க. வேண்டான்னா அதுக்கும் ஒரு நாள் சொல்லிடுங்க, எடுத்துத் தரேன்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் முன்னாடி நடந்தேன். அங்க வந்ததும் அடக்க முடியலை.

"பிடுங்கற வேலை அவங்க வேலை. ஒட்டற வேலை உன் வேலையா? அவங்க என்ன சோபா எடுக்க வந்த கஸ்டமரா, ஆட்டிப் பாத்துட்டு சந்தோஷமா போறதுக்கு?"

நிறுத்தத்துல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும். பாஷை புரியாது, முகம் புரியும்.

"ஆடலைன்னா பிடுங்க மாட்டாங்கன்னு நினைச்சேன் மாமா."

"அப்போ அந்த பிரஷ்ஷு? சாஞ்சிருந்துச்சே? நான் தொட்டுப் பாத்தேனே?"

"ரெக்சின் மேல தேய்ச்சேன்."

எனக்கு சிரிப்பு வந்துச்சு. கோவத்துல சிரிப்பு வருமே, அது. ரெக்சினைத் தேய்க்க அலுக்கலை இவனுக்கு. அதே கையை ஒரு ஜாண் மேல தூக்கிப் பல்லுல வச்சிருந்தா போதும். அதே நேரம், அதே பிரஷ்ஷு.

"ஏன்டா? என்னடா கேட்டோம் உன்னை? ஓடச் சொன்னோமா, மூட்டை தூக்கச் சொன்னோமா?"

"உங்களுக்குப் புரியாது." இப்போ அவனும் கத்தினான். உதடு வீங்கி பாதி வார்த்தை குழறுது. "உங்க பல்லு ஆடலை. பிரஷ்ஷு படும்போதெல்லாம் இது அசையுது மாமா. இந்தத் தடவை கையோட வந்துடும், இந்தத் தடவை வந்துடும்னு ஒவ்வொரு தடவையும். தொடாம இருந்தா அசையலை. அசையாம இருந்தா நல்லா இருக்குன்னுதானே நினைப்பேன்? போகக் கூடாதுன்னுதான் மாமா தொடலை!"

எனக்கு இன்னும் கோவம் வந்துச்சு. பயமா இருக்குன்னு ரெண்டு மாசத்துல ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்? கண்ணாடியை நான் பிடிச்சிருப்பேன். மெதுவா, ஒரு பல்லு ஒரு பல்லா, ரத்தம் நிக்கற வரைக்கும் பக்கத்துல நின்னிருப்பேன். ஒரே ரூம்ல ரெண்டு கட்டில், நடுவுல நாலடி. அதைத் தாண்டி ஒரு வார்த்தை வரலை.

போன் அடிச்சுச்சு. அவன் அக்கா. நல்ல சேதியை மறுபடி கேக்கக் கூப்பிடறா. நான் எடுக்கலை, அவன் கையில திணிச்சேன். "நீயே சொல்லு."

"அக்கா... ம்... இல்லக்கா. நாளைக்குப் பிடுங்கறாங்க... இல்ல, ஆடலைதான்... அது நான் ஒட்டினது..." அப்புறம் ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே நின்னான். போனை என்கிட்ட நீட்டினான்.

"அவ்வளவு தூரத்துல அவன் கூடவே இருந்து நீங்க என்னதான் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"ன்னா.

நான் போனைக் கட் பண்ணினேன். கல்யாணமான நாள்லேருந்து அவ பேசும்போது நான் கட் பண்ணினது அதுதான் முதல் தடவை.

பஸ் வந்துச்சு. ஏறினோம். ரெண்டு சீட்டு காலியா இருந்தும் நான் அவன் பக்கத்துல உக்காரலை.

மறுநாள் காலையில அந்தப் பல்லைப் பிடுங்கினாங்க. அடியில பிடிப்பு இல்லாததால ரொம்ப நேரம் ஆகலை. அவன் பஞ்சைக் கடிச்சுக்கிட்டு வெளிய வந்தான். ரெண்டு பேரும் பஸ் ஏறி வேலைக்குப் போனோம்.